கையெழுத்துக்குக் காத்திருந்த திருத்தம்

கண்டிக்குப் பக்கத்துப் பிலிமத்தலாவையில், கொழும்பு வீதியோரத்து இரும்புக்கடை ஒன்றின் மேல்மாடியில் எங்கள் அச்சகம் இருந்தது. பலகையில் அச்சகம் என்று எழுதியிருந்தாலும் கல்யாணக் கார்ட், மரண அறிவித்தல், ட்யூசன் வகுப்புகளுக்கான வினாத்தாள் என்று சில்லறை வேலைகள்தான் வரும். பின்னேரங்களில் கொம்பியூட்டர் வகுப்பும் நடந்தது. முதலாளியை ஊரில் எல்லோரும் ஹாஜியார் என்றே கூப்பிடுவார்கள். நான் பன்வில பக்கத்துத் தேயிலைத் தோட்டத்தில் பிறந்தவள். கண்டியில் ஒரு கோர்ஸ் செய்துவிட்டு, தமிழ் எழுத்துக் கோர்ப்பதற்காக அங்கே வேலைக்குச் சேர்ந்தேன். கொஞ்ச காலம் கழித்து யாழ்ப்பாணத்தவர் ஒருவர் வந்து சேர்ந்தார். என்னைவிட இரண்டு மூன்று வயது மூத்தவர். நான் அவரை அண்ணே என்பேன், அவர் என்னைத் தங்கச்சி என்பார்.

யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகப் படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு வந்தவர் அவர். ஏன் விட்டார் என்று நான் கேட்டதில்லை. அந்த வருடங்களில் அந்தக் கேள்வியை யாரும் யாரிடமும் கேட்பதில்லை. அவருடைய அக்கா கண்டியில் ஆசிரியை. இருவரும் கடுகண்ணாவையில் ஒரு வீட்டின் பின்பக்கத்தை வாடகைக்கு எடுத்திருந்தார்கள். காலையில் அக்கா கண்டிப் பக்கம் போகும் பஸ்ஸில் ஏறுவார், தம்பியும் அதே பஸ்ஸில் வந்து பாதி வழியில் எங்கள் கடையடியில் இறங்கிக்கொள்வார்.

எங்களிடம் இருந்தவை பழைய கொம்பியூட்டர்கள். விலை கொடுத்து மென்பொருள் வாங்கும் யோசனை ஹாஜியாருக்கு ஒருபோதும் இருந்ததில்லை. அண்ணன்தான் கட்டற்ற மென்பொருளைக் கொண்டுவந்து போட்டார். அதை யாரும் எடுக்கலாம், உள்ளே திறந்து பார்க்கலாம், திருத்தலாம், திருத்தியதை மற்றவருக்கும் கொடுக்கலாம் என்று எனக்கு விளக்கினார். அதிலிருந்த ஓர் எழுத்துத் தொகுப்பியில்தான் நாங்கள் தமிழ் அடித்தோம். அது இலகுவாக ஓடியது. ஆனால் கொ, கோ, கௌ போன்ற எழுத்துகள் வந்தால் தடுமாறும். இரண்டு பக்கமும் குறியை வைத்திருக்கும் அந்த எழுத்துகளின் அகலத்தை அது பிழையாகக் கணக்கிட்டது. அப்படி நாலைந்து எழுத்து ஒரே வரியில் சேர்ந்துவிட்டால் வரியின் கடைசி எழுத்து முறிந்து விழும், அல்லது முன்னாலுள்ளதன் மேல் ஏறி நிற்கும்.

ஒருநாள் ஒரு மரண அறிவித்தல் அப்படிக் கெட்டது. இறந்தவர் ஓய்வுபெற்ற ரயில்வே உத்தியோகத்தர். அவருடைய பெயரே வரியின் கடைசியில் முறிந்துபோயிருந்தது. நாங்கள் கவனிக்கவில்லை. சுவர்களில் ஒட்டி முடித்த பிறகு அவருடைய மகன் ஒரு பிரதியோடு படியேறி வந்தார். சத்தம் போடவில்லை. மேசையில் தாளை விரித்து, அந்த இடத்தில் விரலை வைத்து, கொஞ்ச நேரம் அப்படியே நின்றுவிட்டுப் போய்விட்டார். அவர் ஏசியிருந்தால் நாங்கள் மறந்திருப்போம். அண்ணன் அன்று மத்தியானம் சாப்பாட்டுப் பார்சலைப் பிரிக்கவே இல்லை. அடுத்த நாளிலிருந்து மென்பொருளின் உள்ளே இறங்கிப் பிழையைத் தேடத் தொடங்கினார்.

வேலை இல்லாத நேரங்களில், கடையின் கொம்பியூட்டரிலேயே அதைச் செய்தார். முதலில் கண்டது சின்னப் பிழை. சில வரிகளில் திருத்தி, மென்பொருளைப் பராமரிக்கும் ஆளுக்கு மின்னஞ்சலில் அனுப்பினார். எங்கோ ஐரோப்பாவிலிருந்த அந்த மனிதர் நன்றி சொல்லி உடனே சேர்த்துக்கொண்டார். அடுத்த திருத்தம் பெரியது, அகலக் கணக்கு முழுவதையும் தமிழுக்குச் சரிசெய்வது. அதை அனுப்பியபோது வேறு விதமான பதில் வந்தது. திருத்தம் நன்றாக இருக்கிறது, ஆனால் பத்துப் பதினைந்து வரிக்கு மேல் போனால் பதிப்புரிமைப் பத்திரங்கள் வேண்டும் என்றார் அவர். எழுதியவர் தன் உரிமையை அந்த மென்பொருளைக் காக்கும் அறக்கட்டளைக்கு எழுத்தில் ஒப்படைக்க வேண்டும். வேலை தருபவர் இருந்தால், தனக்கு அதில் உரிமை இல்லை என்று அவரும் கையெழுத்திட வேண்டும்.

இத்தனை சின்ன வேலைக்கு இவ்வளவு கடதாசியா என்று நான் கேட்டேன். நாளைக்கு யாராவது இதை எடுத்துப் பூட்டி வைத்து, இது எங்கள் சொத்து என்று வழக்காடினால், ஒவ்வொரு வரியும் யாரிடமிருந்து வந்தது என்று நீதிமன்றத்தில் காட்ட வேண்டாமா என்றார் அண்ணன். பிறகு அறக்கட்டளை கேட்டிருந்த கேள்விகளை ஒவ்வொன்றாகத் தமிழில் எனக்குச் சொன்னார். இதை நீங்களே எழுதினீர்களா? வேறு யாருக்கும் இதில் பங்கு உண்டா? நீங்கள் எந்த நாட்டுப் பிரசை?

"இவ்வளவு மரியாதையா ஒருத்தரும் என்னட்டைக் கேள்வி கேட்டதில்லை, தங்கச்சி" என்றார்.

பதில்களை நிரப்பி அனுப்பினார். கையெழுத்து வைக்க வேண்டிய பத்திரம் தபாலில் வரும் என்று அறிவித்தார்கள். முகவரியாக எங்கள் கடையைக் கொடுத்திருந்தார்.

பேச்சுவார்த்தை முறிந்து, யாழ்ப்பாணத்துக்குப் போகும் ஏ-ஒன்பது வீதி மூடப்பட்டு, மறுபடி சண்டை தொடங்கியிருந்த காலம் அது. பஸ்களை நிறுத்தி அடையாள அட்டை பார்ப்பார்கள். பிறந்த இடம் யாழ்ப்பாணம் என்றிருந்தால் இறக்கி நிறுத்துவார்கள். ஒரு விடியற்காலை கடுகண்ணாவையில் சுற்றிவளைப்பு நடந்தது. அண்ணனை ஜீப்பில் ஏற்றிக்கொண்டு போனார்கள். அறையிலிருந்த கடதாசிகளையும் எடுத்துப்போனார்கள். அவற்றில் கொ, கோ, கௌ என்று எழுத்துகளைக் கட்டம் கட்டமாக அச்சிட்டுச் சோதித்துப் பார்த்த தாள்களும் இருந்தன. அக்கா பாடசாலைக்குப் போகாமல், வீட்டில் கட்டியிருந்த சேலையோடு எங்கள் கடைப்படியில் வந்து உட்கார்ந்திருந்ததை நான் போனபோது கண்டேன். "தம்பியைப் பிடிச்சுக்கொண்டு போட்டாங்கள்" என்று மட்டும் சொன்னார். அன்று மத்தியானமே கடைக்கும் வந்து இரண்டு கொம்பியூட்டர்களைத் தூக்கிச் சென்றார்கள்.

அதன் பிறகு அவர் எங்கே என்று தெரிய நெடுநாள் ஆயிற்று. கொழும்பில் வைத்து விசாரித்தார்கள். பிறகு, வழக்கு முடியும்வரை விளக்கமறியலில் வைக்க, கண்டிப் பக்கத்துச் சிறை ஒன்றுக்குக் கொண்டுவந்தார்கள். அக்கா ஏற்பாடு செய்த சட்டத்தரணி சொல்லித்தான் மற்றது தெரிந்தது. விசாரணையில் சிங்களத்தில் எழுதிய வாக்குமூலம் ஒன்றில் அவரிடம் கையெழுத்து வாங்கியிருந்தார்கள். அண்ணனுக்குச் சிங்களம் கடையில் சாமான் வாங்குமளவுக்குத்தான் தெரியும், வாசிக்கத் தெரியாது. அதில் என்ன எழுதியிருந்தது என்பது நீதிமன்றத்தில் வாசிக்கப்பட்டபோதுதான் அவருக்கே தெரிந்தது. வழக்கு முழுவதும் அந்தத் தாளில்தான் நின்றது.

ஹாஜியார் அந்த நாட்களில் ஆள் பாதியாகிவிட்டார். கொம்பியூட்டர்கள் திரும்பி வந்தன, ஆனால் அண்ணனுடைய பெயரைக் கடையில் எடுக்கக் கூடாது என்றார். இவர் என்னிடம் வேலை செய்தவர், ஒழுங்கானவர் என்று ஒரு கடிதம் தரும்படி சட்டத்தரணி அவரிடம் ஆள் அனுப்பினார். பிறகு பார்க்கலாம், பிறகு பார்க்கலாம் என்று தள்ளிக்கொண்டே போனார். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அந்த வீதியில் அவர் கடை ஒன்றுதான் தமிழில் பலகை வைத்த கடை. அதுவும் எனக்குத் தெரியும்.

அப்படியிருக்கும்போது வெளிநாட்டு முத்திரையோடு பத்திரம் வந்தது.

அண்ணனுடைய பெயர் எழுதிய உறை. நான் பிரிக்கவில்லை. அக்காவிடம் கொண்டுபோனேன். அவர் பிரித்து வாசித்தார், திரும்ப மடித்தார். அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினார். நான் பராமரிப்பாளருக்கு எழுதினேன். என் ஆங்கிலம் நல்லதல்ல. எழுதியவர் இப்போது வர முடியாத இடத்தில் இருக்கிறார், கூட வேலை செய்த நான் கையெழுத்திடலாமா என்று கேட்டேன். மறுநாளே பதில் வந்தது. முடியாது, எழுதியவர் மட்டுமே கையெழுத்திட முடியும் என்றிருந்தது. அவர் சுகமாக இருக்கிறாரா என்றும் கேட்டிருந்தார். அந்தக் கேள்வியைக் கண்டதும் நடந்ததை எழுதிவிட்டேன். அதற்கு வந்த பதில் இரண்டே வரி. மிகவும் வருந்துகிறேன். திருத்தத்தைத் தனியாக வைத்திருக்கிறேன், எவ்வளவு காலமானாலும் காத்திருப்போம்.

சிறைக்கு உறவினர்களைத்தான் விடுவார்கள். அண்ணனுடைய தாய் யாழ்ப்பாணத்தில். பாதை மூடியிருந்ததால் வர வழியில்லை. அக்கா என்னையும் சித்தி மகள் என்று சொல்லிக் கூட்டிப்போனார். என் பேச்சைக் கேட்டாலே நான் யாழ்ப்பாணத்தவள் இல்லை என்று தமிழ் தெரிந்த எவருக்கும் விளங்கிவிடும். வாசலில் நின்றவர்களுக்கு அந்த வித்தியாசம் தெரியவில்லை.

கம்பி வலைக்கு அந்தப் பக்கம் அண்ணன் நின்றார். மெலிந்திருந்தார். இடது கையை உடம்போடு ஒட்டிப் பிடித்துக்கொண்டிருந்தார். அம்மாவைப் பற்றிக் கேட்டார், அக்கா சொன்னார். பிறகு என்னைப் பார்த்து, அந்தத் திருத்தம் சேர்ந்துவிட்டதா என்று கேட்டார். நான் அக்காவைப் பார்த்தேன். அக்கா தலையைத் திருப்பிக்கொண்டார். இல்லைங்க அண்ணே, பத்திரம் வந்திருக்கு, நீங்கதான் கையெழுத்து வைக்கணுமாம் என்றேன்.

"கொண்டு வாங்கோ" என்றார்.

அக்காவுக்கு அப்போதுதான் அழுகை வந்தது. "கையெழுத்து வச்சுத்தானே நீ உள்ளுக்க கிடக்கிறாய். இன்னொரு தாளை நானே கொண்டுவந்து நீட்டுறதோ?"

அண்ணன் வலைக்குக் கிட்ட வந்தார். பக்கத்தில் வேறு குடும்பங்கள் வலைக்கு மேலால் கத்திப் பேசிக்கொண்டிருந்தன.

"அண்டைக்கு வச்சது என்னெண்டு தெரியாமல் வச்சது, அக்கா" என்றார். "இது நான் செய்த வேலை. ஒவ்வொரு வரியும் வாசிச்சு, விளங்கி வைக்கிற கையெழுத்து. இதை வைக்க விடு."

நேரம் முடிந்து இருவரும் திரும்பினோம். பஸ்ஸில் அக்கா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டு வந்தார். வீட்டுக்கு வந்ததும் அலுமாரியைத் திறந்து உறையை எடுத்து என் கையில் தந்தார்.

ஆங்கிலத்தில் இருந்த பத்திரத்தைச் சிறைக்குள் அனுப்புவது இலேசான காரியமாக இருக்கவில்லை. சட்டத்தரணி அனுமதி கேட்டு, அதிகாரிகள் வாசித்து, மேலே அனுப்பி, திரும்ப வந்து, ஒருவழியாக அண்ணன் கைக்குப் போயிற்று. அவர் அதை உடனே திருப்பிக் கொடுக்கவில்லை. பல நாள் வைத்து வாசித்தார். ஓர் இடத்தில் மட்டும் நிரப்பாமல் சட்டத்தரணியிடம் கேட்டனுப்பினார். முகவரி என்ற இடத்தில் என்ன எழுதுவது?

அக்காவும் நானும் அதை வைத்துக்கொண்டு நெடுநேரம் உட்கார்ந்திருந்தோம். யாழ்ப்பாணத்து வீடு உயர் பாதுகாப்பு வலயத்துக்குள் போய்விட்டது. அங்கே இராணுவம் இருந்தது, தாய் உறவினர் வீட்டில் இருந்தார். கடுகண்ணாவை வீட்டுக்காரர் இந்த மாதத்தோடு விட்டுவிடுங்கள் என்று சொல்லியிருந்தார். கெட்ட மனிதர் இல்லை, சொல்லும்போது அக்காவின் முகத்தைப் பார்க்க முடியாமல் நிலத்தைப் பார்த்தபடிதான் சொன்னாராம். சிறையின் முகவரியை எழுத அண்ணனுக்கு விருப்பமில்லை. மிஞ்சியது கடைதான். அதுபோக, அதே உறையில் தனித்தாளாக வந்திருந்த வேலை தருபவருக்கான பத்திரத்திலும் கையெழுத்து வாங்க வேண்டியிருந்தது.

நான் ஹாஜியாரிடம் போனேன். பின்னேர அசர் தொழுகை முடித்து வந்து உட்கார்ந்திருந்தார். விஷயத்தைச் சொன்னேன். கடைசிவரை கேட்டுவிட்டுத் தலையை ஆட்டினார்.

"மகள், அந்தப் புள்ள இங்க வேல செஞ்சதுண்டு நான் எழுத்துல குடுத்தா, நாளைக்கு என்ட வாசல்ல வந்து நிப்பாங்க. எனக்கும் புள்ளகுட்டி ஈக்குது. ஏலாது."

நான் வற்புறுத்தவில்லை. அந்தத் தாளை அவருடைய மேசையில் வைத்துவிட்டு என் கதிரையில் போய் உட்கார்ந்து வேலையைப் பார்த்தேன். அவர் அதைத் தொடவில்லை, எடுத்துப் போகச் சொல்லவும் இல்லை. சில நாள் அது அங்கேயே கிடந்தது. மேலே பில் புத்தகம் வந்தது, பத்திரிகை வந்தது. ஒரு வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் போய்வந்தவர் என்னைக் கூப்பிட்டு, இதைத் தமிழில் ஒருக்கா வாசி என்றார்.

வாசித்தேன். அந்த ஊழியர் எழுதிய திருத்தத்தில் எனக்கோ என் நிறுவனத்துக்கோ எந்த உரிமையும் இல்லை, எதிர்காலத்தில் கோரவும் மாட்டேன் என்பதுதான் சாரம். இவ்வளவுதானா என்று கேட்டார். இவ்வளவுதான் என்றேன். பிறகு, நான் கேட்காமலே, தன் தகப்பனைப் பற்றிச் சொல்லத் தொடங்கினார். எண்பத்து மூன்று கலவரத்தின்போது அவர்களுடைய கடை கண்டி நகரத்தில் இருந்தது. எதிர்ப்பக்கத்தில் ஒரு தமிழருடைய துணிக்கடை. இரண்டு பேரும் தினமும் ஒன்றாகத் தேத்தண்ணீர் குடிப்பவர்கள். துணிக்கடையை எரித்தார்கள். அடுத்த நாள் யாரோ வந்து, எரிந்து கிடந்ததைக் காட்டி, இது யாருடைய கடை என்று தகப்பனிடம் கேட்டிருக்கிறார்கள்.

"தெரியாதுண்டு செல்லிட்டாரு, மகள்" என்றார் ஹாஜியார். "மவுத்தாகுற வரைக்கும் வாப்பா அதச் செல்லித்தான் மனசு நொந்துட்டிருந்தாரு."

அவர் பேனையை எடுத்தார். எழுதியது அவன், அவனுக்குத்தான் சொந்தம், இதைச் சொல்ல நான் ஏன் பயப்பட வேண்டும் என்று, என்னிடம் அல்ல, தனக்கே சொல்வதுபோலச் சொன்னார். கையெழுத்திட்டு, கடை முத்திரையையும் அழுத்தி வைத்தார். முகவரிக்குக் கடையையே போடச் சொல் என்றார். அடுத்த கிழமை சட்டத்தரணி கேட்டிருந்த கடிதத்தையும் தானாகவே அடித்துத் தரச் சொன்னார். நான்தான் அதை அடித்தேன். அதில் அவர் ஒரு சொல்லைக்கூட மாற்றவில்லை.

பத்திரம் அண்ணனிடமிருந்து கையெழுத்தோடு திரும்பி வந்ததும் இரண்டு தாளையும் ஒரே உறையிலிட்டுக் கண்டிப் பெரிய தபால் கந்தோருக்குக் கொண்டுபோனேன். வாசலில் பையைச் சோதித்த சிப்பாய் உறையைத் திறக்கச் சொன்னான். கொஞ்ச நேரம் வாசித்துவிட்டு, இது என்ன என்று சிங்களத்தில் கேட்டான். ஒருவர் தான் செய்த வேலையை எல்லோருக்கும் கொடுப்பதாக எழுதித் தரும் கடிதம் என்று எனக்குத் தெரிந்த சிங்களத்தில் சொன்னேன். சரியாகத்தான் சொன்னேனா என்று இன்றும் தெரியாது. அவன் தாளை மடிப்புப் பிசகாமல் திரும்ப உறைக்குள் வைத்துத் தந்தான். பதிவுத்தபாலில் அனுப்பினேன்.

மழைக்காலம் முடியும் முன் அறக்கட்டளையின் கையெழுத்தோடு ஒரு பிரதி கடைக்கு வந்தது. பராமரிப்பாளரும் எழுதியிருந்தார். திருத்தம் சேர்ந்துவிட்டது, பங்களித்தவர்கள் பட்டியலில் பெயரும் ஏறிவிட்டது. அடுத்த தடவை பார்க்கப் போனபோது அந்தப் பிரதியைக் கம்பி வலையோடு சேர்த்துப் பிடித்தேன். அண்ணன் தன் கையெழுத்தைப் பார்க்கவில்லை. கீழே இருந்த மற்றவருடைய கையெழுத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதில கையெழுத்து வச்ச ஆளுக்கு நான் எங்க இருக்கிறன் எண்டு தெரியுமோ?"

பராமரிப்பாளருக்குத்தான் தெரியும், அறக்கட்டளைக் கந்தோரில் இருப்பவருக்குத் தெரிந்திருக்காது என்றேன்.

"அப்ப அவருக்கு நான் சாதாரண ஆள்" என்றார். நாங்கள் கிளம்பும்வரை அவர் முகத்தில் இருந்ததைச் சிரிப்பு என்று சொல்ல முடியாது. ஆனால் அக்கா பஸ்ஸில் வரும்போது, தம்பி இன்றைக்கு இடது கையை உடம்போடு பிடிக்காமல் விட்டுவிட்டு நின்றான், கவனித்தாயா என்று கேட்டார்.

யுத்தம் முடிந்தபோதும் அவர் உள்ளேதான் இருந்தார். கண்டித் தெருவில் வெடி கொளுத்திப் பாற்சோறு கொடுத்தார்கள். நாங்கள் கடையை மத்தியானமே பூட்டிவிட்டுப் போனோம். அதற்கும் பிறகு, வாக்குமூலத்தைத் தவிர வேறு சாட்சி இல்லை என்று வழக்கை நடத்தாமல் விட்டார்கள். யாரும் எதற்கும் வருத்தம் தெரிவிக்கவில்லை. அண்ணன் வெளியே வந்தார். ஹாஜியார் அவரைக் கட்டிப்பிடித்து, உன் இடம் அப்படியே இருக்கிறது என்றார். அண்ணன் வந்து ஒரு கிழமை போல் உட்கார்ந்தார். திரையின் முன் நெடுநேரம் இருப்பார், எழுதமாட்டார். படியில் யாராவது சப்பாத்தோடு ஏறினால் எழுந்துவிடுவார். பிறகு தாயிடம் போகிறேன் என்று சொல்லி யாழ்ப்பாணம் போய்விட்டார். அக்கா இடமாற்றம் வாங்கிக்கொண்டு பின்னால் போனார்.

பிறகு நானும் சின்னத் திருத்தங்கள் அனுப்பத் தொடங்கினேன். ஒருநாள் எனக்கும் பத்திரம் கேட்டு எழுதினார்கள். எந்த நாட்டுப் பிரசை என்ற இடத்தில் இலங்கை என்று எழுதினேன். என் அப்பா நாற்பது வருடம் இந்த மண்ணில் தேயிலைக் கொழுந்துச் சாக்குத் தூக்கியவர். அந்தச் சொல்லைச் சட்டப்படி எழுதும் உரிமை அவருக்கு வயது போன பிறகுதான் கிடைத்தது. பன்விலவுக்குப் போனபோது தாளை அவரிடம் காட்டினேன். கண்ணாடியைப் போட்டு அந்த ஒரு சொல்லைப் பார்த்துவிட்டு, சாப்பிட்டியாம்மா என்று கேட்டார்.

பல வருடங்களுக்குப் பின் அந்தத் தொகுப்பியின் எழுத்துக் காட்டும் பகுதியை முழுவதுமாகப் புதிதாக எழுதினார்கள். அண்ணனுடைய வரிகள் நீக்கப்பட்டன. பத்திரம் மட்டும் அறக்கட்டளையின் கோப்பில் இருக்கும். இதை அவரிடம் சொல்வதா வேண்டாமா என்று யோசித்து, கடைசியில் யாழ்ப்பாணத்துக்குத் தொலைபேசி எடுத்தேன். அவர் அப்போது ட்யூசன் வகுப்பில் கணக்குப் படிப்பித்துக்கொண்டிருந்தார். விடுதலைக்குப் பிறகு ஒரு வரி நிரல்கூட எழுதியதில்லை.

விஷயத்தைச் சொன்னேன்.

"புதுசு சரியா வேலை செய்யுதோ?" என்று கேட்டார்.

செய்யுதுங்க அண்ணே, எல்லா எழுத்துக்கும் சரியா வருது என்றேன்.

"ஓம், அப்ப நல்லது" என்றார். தாய்க்கு முழங்கால் வீங்கியிருக்கிறதாம், ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப்போக ஓட்டோ வந்து நிற்கிறது என்றார். பிறகு ஆறுதலாக எடுக்கிறேன் என்று சொல்லித் தொலைபேசியை வைத்தார்.